டிசம்பருக்குப் போய்விட்ட லேப்டாப்

சேசு மரி சூசை

இராயபுரம்,
16.8.2007

என் செல்ல மகள் ஜானட்டுக்கு அம்மா முத்தத்துடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் முந்தாநாள் உன் மெயிலைப் படித்த பிறகு அதை எழுதக் கை வரவில்லை. ஆமாம் பாப்பா, முந்தாநாள்தான் படித்தோம். நீ அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. குழந்தை தங்கவில்லை என்று நீ எழுதியிருக்க, அப்பா மாப்பிள்ளையிடம் போனில் "பாத்தோம், ரொம்ப சந்தோஷம்" என்று சொன்னாரே, அதனால்தானே நீ அதற்கப்புறம் எங்களிடம் பேசவே இல்லை. அவர் அதைப் படிக்காமல் சொன்னது. சத்தியமாகப் படிக்காமல் சொன்னது. இந்த ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள், மிச்சத்தை அப்புறம் படி.

ஜூலை மாதம் நடுவிலிருந்தே பிராங்கிளின் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் மெயில் திறக்கவில்லை. பேப்பர் படிக்கலாம், கிரிக்கெட் ஸ்கோர் வரும், மெயில் பக்கம் போனால் மட்டும் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்து, இந்த இடத்தின் சான்றிதழ் சரியில்லை, உள்ளே போகாதே என்று மிரட்டும். உன் அப்பா சும்மா இருப்பாரா, அணைத்துப் போட்டார், வயரைப் பிடுங்கிச் சொருகினார், என் பழைய புடவைத் துணியால் துடைத்தார், டெலிபோன் ஆபீசுக்குப் போன் செய்து சண்டை போட்டார். அவர்கள் லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கடைத்தெருவில் ஒரு ரிப்பேர்காரர் வைரஸ் என்றார், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார். உன் கல்யாண போட்டோ எல்லாம் அதில்தானே இருக்கிறது, அப்பா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் பாஸ்வேர்டு எங்களுக்கு எங்கே தெரியும். லீவில் வந்தபோது நீ போட்டு வைத்தது, அந்த மிஷினுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை போன் செய்து, ஜானட்டால் வாயால் சொல்ல முடியவில்லை, மெயில் போட்டிருக்கிறாள், பார்த்தீர்களா மாமா என்று கேட்டார். நீ ஸ்கேன் படம் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தாய் அல்லவா, வந்தது அதுதான் என்று இவர் நினைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நானும்தான் நினைத்தேன். திறக்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வார், மாப்பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்த பொருள், அதைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும், கிழவன் ஆறு மாதத்தில் பாழாக்கிவிட்டான் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வரும். அந்த வெட்கத்தில் "பாத்தோம் மாப்ள, ரொம்ப சந்தோஷம்" என்றார். மாப்பிள்ளை உடனே போனை வைத்துவிட்டார். டியூட்டி நேரம் போல என்று சொல்லிவிட்டு இவர் சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் எடுக்கவில்லை. நான் சத்தம் போட்ட பிறகுதான், முந்தாநாள் கல்மண்டபத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அத்தாவுல்லாவை வீட்டுக்கே கூட்டிவந்தார். அத்தாவுல்லா லேப்டாப்பின் ஓரத்தில் மணி காட்டுகிற இடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னா நைனா, ஊரே ஆகஸ்ட்ல கீது, உன் மிஷின் மட்டும் அடுத்த வருஷம் டிசம்பர்ல குந்திகினு கீது" என்றான். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டாம், அதற்குக் கடைசித் தேதி உண்டாம், இந்த மிஷின் தன் கணக்குப்படி அந்தத் தேதியெல்லாம் முடிந்துபோனது என்று நம்பிக்கொண்டு எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டதாம்.

தேதியை யார் மாற்றியது என்று நான் கேட்டேன். அப்பா தலையைச் சொறிந்தார். டாக்டர் பிரசவம் டிசம்பரில் என்று சொன்ன நாளிலிருந்து இவருக்குக் காலையில் காபிக்கு முன்னால் அதே வேலை. மணியைத் தட்டினால் மாதக் காலண்டர் வருகிறது அல்லவா, அதில் டிசம்பரைத் திறந்து என்ன கிழமை என்று பார்ப்பார், கிறிஸ்துமஸுக்கு முன்னா பின்னா என்று பார்ப்பார். ஒருநாள் ஆசை மீறிப்போய், பிள்ளையின் முதல் பிறந்தநாள் என்ன கிழமையில் வரும் என்று அடுத்த வருஷத்தைத் திறந்திருக்கிறார். பார்த்தவர் அப்படியே மூடியிருந்தால் ஒன்றுமில்லை. ஹார்பரில் கிரேன் ஓட்டிய மனுஷன், கீழேயிருந்து கையசைத்தால் ஓகே கொடுக்காமல் ஒரு பெட்டியைக்கூட இறக்காதவர், இங்கேயும் ஓகே என்று இருந்ததை அமுக்கிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். உன் பிள்ளையின் பிறந்தநாளிலேயே அந்த மிஷின் நின்றுவிட்டது பாப்பா.

அத்தாவுல்லா சொல்லச் சொல்ல அப்பாவே ஒவ்வொரு மாதமாகப் பின்னால் கொண்டுவந்தார். ஆகஸ்ட் வந்ததும் மெயில் திறந்தது, பாஸ்வேர்டு தானாக வந்து விழுந்தது. படம் பார்க்கப்போகிறோம் என்று நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். படித்தோம். அத்தாவுல்லா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கிப் போய்விட்டான். அப்பா உடனே இங்கிலீஷில் இரண்டு வரி அடித்து அனுப்பினார், நீ பார்த்தாயோ என்னவோ. அப்போதிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருக்கிறோம், யாரும் எடுக்கவில்லை. எனக்குத் தமிழில் அடிக்க வராது, அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம்.

நேற்று மாதா திருநாள். பிள்ளைக்காகப் பூசைக்குக் கொடுக்கக் கோயில் ஆபீசுக்குப் போனோம், யார் பேரில் என்று கேட்டார்கள். அப்பா தன் பேரையே கொடுத்து, "பேரு இன்னும் வெக்கல, செல்வநாதன் பேரப்புள்ளன்னு படிங்க" என்றார். சாமியார் அப்படியே படித்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இவர் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு அழுதார். உன் பாட்டன் செத்தபோதுகூட இவர் அழுது நான் பார்த்ததில்லை.

நீ தனியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் தலையை மடியில் வைத்துக்கொள்ள நான் இல்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. உன் மேல் ஒரு தப்பும் இல்லை, நைட் டியூட்டி பார்த்ததால்தான் என்று எழுதியிருக்கிறாய், அந்த நினைப்பை விட்டுவிடு. நீ நர்ஸ், எனக்குத் தெரியாததெல்லாம் உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், ஐந்து மாதம் சுமந்ததும் பிள்ளை பெற்ற உடம்புதான். பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே, கனமாக எதையும் தூக்காதே, பூண்டு நிறையச் சேர்த்துக்கொள். லேகியம் கிளறி இதோடு அனுப்பியிருக்கிறேன், கசக்கிறது என்று மூலையில் வைத்துவிடாதே. நான் தைத்த சின்னச் சட்டைகள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது என்று நீ சொல்கிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மாப்பிள்ளையையும் கவனித்துக்கொள், அவருக்கும் அது பிள்ளைதானே.

மாதா உங்கள் இருவரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். உன் நெற்றியில் சிலுவை போட்டு இங்கிருந்தே ஆசீர்வதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் எடு. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இதையும் எழுதச் சொல்கிறார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "பாப்பா, மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்ல வெக்கப்பட்டு பாத்தோம்னு பொய் சொல்லிட்டேன். நீ அப்பா மாதிரி பண்ணாத. போன் எடுத்து நல்லா கீறேன்னு சொல்லாத. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே சொல்லு, நான் கேட்டுகினு குந்தியிருக்கேன்."

உன் அம்மா,
இருதயம்மாள்