ஏட்டின் ஓரத்தில் பகைநாட்டார் பெயர்

மழை தவறாது பெய்க. மன்னுயிர் எல்லாம் நலமுற்று வாழ்க. திருமலி நாட்டை அறவழி நின்று காக்கும் உதியவேள் மன்னரின் திருவுளப்படி, தலைமை அமைச்சர் அருள்நந்தியார், நாட்டின் கழகங்களில் அமர்ந்து நூல் செய்யும் சான்றோர் அனைவருக்கும் வணக்கத்துடன் விடுக்கும் ஓலை. உங்கள் எழுத்தாணிகளை இறைவன் காப்பானாக.

நூலில் ஒரு செய்தியை எழுதும்போது, அதைச் சொன்னவர் எவராயினும், ஏட்டின் ஓரத்தில் "அரசர் திருவாக்கு" என்று பொறிப்பது நம் கழகங்களின் நெடுநாள் வழக்கம். மன்னருக்குச் செய்யும் மரியாதை என்றே இதைக் கைக்கொண்டீர்கள். உங்கள் அன்பில் குறை ஏதுமில்லை. ஆயினும் சென்ற கார்காலத்தில் நிகழ்ந்ததை நீங்கள் அறிய வேண்டும்.

தலைநகரின் மருத்துவப் புலவர் கீரந்தையார் காய்ச்சல் நூல் ஒன்றை எழுதி, கழகத்தின் முத்திரை வேண்டி அவையில் வைத்தார். அதன் ஓரத்தில் அரசர் பெயர் இல்லை. "கல்லக நாட்டு மருத்துவர் ஓரி; பிணிநூல்; மலைக்கோட்டக் கோயில் சுவடி அறை; நாற்பதாம் ஏடு, முன்பக்கம்" என்று இருந்தது. அந்நாட்டு அடியார் ஒருவர் முன்பு வழிபாட்டுக்கு வந்தபோது கொண்டிருந்த படியை, அவர் புறப்படுமுன் இயன்றவரை பார்த்தெழுதியிருந்தார் கீரந்தையார். கல்லக நாடோ நம்மோடு பகைத்து எல்லையை அடைத்த நாடு.

அவையில் சிரிப்பும் சினமும் ஒருங்கே எழுந்தன. "கீரந்தையம்மா, எல்லையிலே நம் பிள்ளைகள் வேல் பிடித்து நிற்கிறார்கள். நீங்கள் பகைவர் ஊருக்கு வழி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே!" என்று கேலி செய்தார் கழகத் தலைவர் பேரெயினனார்.

"வழிதான் ஐயா. சந்தேகம் வந்தால் போய்க் கேட்க வேண்டாமா?" என்றார் கீரந்தையார். முத்திரை மறுக்கப்பட்டது. அவர் சுவடியைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு, ஒருவரையும் நோகாமல் வீடு திரும்பினார்.

பின்பு நெசவாளர் தெருவில் காய்ச்சல் பரவிற்று. கீரந்தையார் தம் நூலின்படி கஷாயம் காய்ச்சி வீடுவீடாகக் கொடுத்தார். பெரியவர்கள் தேறினர், கைக்குழந்தைகளோ குடித்த மறுகணமே கக்கின. நல்லாத்தை என்னும் பெண்ணின் குழந்தை அழக்கூடத் திராணியின்றித் துவண்டு கிடந்தது. குழந்தைகளுக்கு என்ன முறை என்பது ஏட்டின் பின்பக்கத்தில் இருக்கலாம். அதைத்தான் அவர் பார்த்ததில்லை. கழகத்தின் பிற காய்ச்சல் நூல்களைப் புரட்டினால், எங்கும் அரசர் திருவாக்கு.

ஆகவே மருத்துவர்கள் அரசரிடமே ஓடினர். "நான் எந்த நாளில் ஐயா மருந்து அரைத்தேன்? எது அதிமதுரம், எது சித்தரத்தை என்றுகூட எனக்குத் தெரியாதே!" என்றார் மன்னர். எவரும் சிரிக்கவில்லை. கீரந்தையார் முன்வந்து தம் சுவடியின் ஓரத்தைக் காட்டினார். மன்னர் அந்த ஒரு வரியை மட்டும் தனி ஓலையில் பெயர்த்தெழுதச் செய்து, வெண்கொடி ஏந்திய தூதரிடம் கொடுத்து அனுப்பினார்.

எல்லைக் காவலன் வேலை நீட்டியபடியே ஓலையை வாங்கிப் படித்தானாம். "அடேய், இங்க வாங்கடா! நம்ம ஓரி ஐயா பேருடா. இவங்க ஏட்டுல எழுதி வெச்சிருக்காங்கடா!" என்று கூவியபடி அவனே கதவைத் திறந்தானாம். மலைக்கோட்டக் கோயிலில் சுவடிக் காப்பாளர் ஒன்றும் வினவாமல் எழுந்து, கட்டவிழ்த்து, நேரே அந்த ஏட்டில் விரல் வைத்தாராம்.

அங்கிருந்து வந்த படியை அரசர் முன்னிலையில் கீரந்தையார் வாசித்தார். "கைக்குழந்தைக்கு மருந்தைப் புகட்ட வேண்டா. தாய் உண்டு, பாலாய்க் கொடுக்க." அதன் கீழே, ஓரத்தில், இன்னொரு வரி இருந்தது. அதைக் கண்டதும் அவர் ஏட்டை மன்னரிடம் நீட்டினார். மன்னரே வாங்கிப் படித்தார்: "இதைச் சொன்னவர் திருமலி நாட்டு உப்பளத்தூர்ச் செவிலி பூதி, வாய்மொழி, அவ்வூர்ச் சத்திரத்தில் கேட்டது."

நம் நாட்டுப் பெண் ஒருத்தி சொன்ன சொல்! நாம் மறந்தே போனோம். அவர்கள் கோயிலில் வைத்துக் காத்தார்கள். மன்னர் அரியணையை விட்டு இறங்கி நின்றார். அவையே எழுந்து நின்றது. இறைவனின் கருணை எத்தனை சிறிய எழுத்தில் வந்து சேர்கிறது!

நல்லாத்தை கஷாயம் குடித்துப் பாலூட்டினாள். சிலநாளில் குழந்தை பசித்து வீறிட்டது; தெருவே கேட்டு மகிழ்ந்தது. "இது யாரு சொன்ன மருந்தும்மா?" என்று அவள் கேட்க, கீரந்தையார் இருவர் பெயரையும் சொன்னார். கல்லக நாடு எந்தத் திசை என்று விசாரித்து, அப்பக்கம் திரும்பிக் கைகூப்பினாள் அவள்.

ஆதலின் அரசாணை இது. இனி நூல் செய்வோர் ஓரத்தில் முதலில் சொன்னவர் பெயரையும் ஊரையும் எழுதுக. அடுத்து நூலின் பெயர், நூலின்றேல் வாய்மொழி என்க. அதன்பின் அது கிடைக்கும் இடமும், ஏடும், பக்கமும் எழுதுக. உயர்ந்தோர், தாழ்ந்தோர், உறவு, பகை எதுவும் பார்க்க வேண்டா. சொன்னவர் பெயர் மறந்துபோயின், மறந்தேன் என்றே எழுதுக, அதில் இழிவில்லை. மன்னர் சொல்லாதவற்றிலிருந்து மன்னர் பெயர் நீக்கப்படுக. முதல் ஏட்டிலிருந்த தம் பெயரை அவரே தம் கையால் சுரண்டினார். கீரந்தையார் நூலுக்குப் பேரெயினனார் தாமே முன்வந்து முத்திரை இட்டார்.

இவ்வோலையின் செய்தி சொன்னோர்: தலைநகர் மருத்துவப் புலவர் கீரந்தையார், வாய்மொழி; தூதர் வெண்பூதனார், வாய்மொழி.

இதன் படி உப்பளத்தூருக்கும் செல்க. பூதியாரின் வழிவந்தோர் எவரேனும் அங்கு இருப்பின், பூதியார் பெயர் கல்லக நாட்டுக் கோயிலில் பத்திரமாக இருக்கிறது என்று அவர்கள் வாசலில் நின்று பணிவுடன் சொல்லப்படுக.

நெற்கதிர் முத்திரை இடப்பட்டது. அறம் துணை நிற்க.