உன் அப்பாவின் கிளட்ச்

அன்புள்ள கோபக்காரிக்கு,

"இது பொம்பளை ஓட்டுற வண்டி இல்லை" என்று நான் சொன்னதற்காக நீ ஆதம்பாக்கத்தில் உன் தங்கை வீட்டுக்குப் போனாய். உன் அப்பா விட்டுப்போன அமெரிக்க வண்டியும் என்னோடு முறைத்துக்கொண்டது. அடையாறு பாலம் ஏறும்போது இன்ஜின் உறுமுகிறது, சக்கரம் அசைய மாட்டேன் என்கிறது.

இன்று அடியில் படுத்துப் பார்த்தேன். தொப்பை மாட்டிக்கொண்டது.

"இன்னா சார், மாமனார் வண்டிக்கு நமஸ்காரமா?" என்றார் எதிர்வீட்டு வைரவன்.

கண்டுபிடித்துவிட்டேன். தன் குட்டைக் கால் லேசாக மிதித்தாலே போதும்படி உன் அப்பா கிளட்ச் கம்பியை இறுக்கி வைத்திருக்கிறார். என் நெட்டைக் கால் மிதியின்மேல் சும்மா கிடந்தாலே கிளட்ச் வழுக்கி, இன்ஜினின் இழுப்பு சக்கரத்துக்குப் போகாமல் நின்றுவிடுகிறது.

தளர்த்த ஸ்பானர் எடுத்தேன், வைத்துவிட்டேன். உனக்கும் அதே கால்தானே? வந்து ஓட்டு. பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு வருகிறேன், மயிலாப்பூர் குளம் வரைக்குமாவது.

வண்டிக்கு அடியிலிருந்து,
உன் நெட்டைக்கால்