அவிநாசி கியர் சைக்கிள்

ஞாயிறு, ராத்திரி

அவிநாசி போய் பழைய மவுண்டன் சைக்கிள் ஒண்ணு வாங்கியாந்துட்டேன். விக்கிற அம்மா ஆறாயிரம் கேட்டாங்க. எங்கிட்ட இருந்தது நாலுதான். ஓட்டிப் பாத்தப்ப கியர் தாவுச்சு. கேபிள் லூஸ், அவ்வளவுதான்னு எனக்கு அப்பவே தெரியும். ஆனா, "கியர் செட்டே போச்சுங்க, புதுசு மாத்தோணும்"னு சொல்லிப்போட்டேன்.

அந்தம்மா பதறிட்டாங்க. "அய்யோ, எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க கண்ணு. தப்பா வெல சொல்லிப்போட்டேன், மனசுல வச்சுக்காதீங்க"ன்னு எங்கிட்டயே மன்னிப்புக் கேட்டாங்க. நாலாயிரத்துக்கே கொடுத்துட்டு, காத்தடிக்கிற பம்பையும் சும்மாவே கொடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து கேபிளை ரெண்டு திருகு திருகினேன். கியர் இப்போ சத்தமே இல்லாம மாறுது.

சாப்பிட உக்காந்தப்ப அவங்களே போன் பண்ணினாங்க. "கியர் சரியாச்சுங்களா கண்ணு?"

"இன்னும் இல்லீங்க"ன்னேன்.