தையல் மெஷின் எண்ணெய்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேலயே மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிக்கோங்க.

நாலு மணிக்குக் கடைக்காரர் வந்தா, சாய உருண்டை சுட்டு விளையாடுற உங்க பெயிண்ட்பால் துப்பாக்கியைத் தூக்கிக் குடுத்துடாதீங்க. அதை மாத்தவே வேண்டாம். அதுல காத்து கசியுறதுக்குக் காரணம் நான்தான். போன வாரம் நீங்க இல்லாதப்ப, உதவியா இருக்கட்டுமேன்னு திறந்து என் தையல் மெஷின் எண்ணெயை நாலு சொட்டு விட்டேன். அந்த எண்ணெய் பட்டா உள்ள இருக்கிற ரப்பர் வளையமெல்லாம் உப்பிடுமாம். துப்பாக்கி டப்பாவுக்குள்ள இருந்த சீட்டை இன்னிக்குக் காலைலதான் படிச்சேன். நேத்து இதை வச்சு நாம போட்ட சண்டையிலயே எனக்குச் சந்தேகம், வாயைத் திறக்கல.

வேலை முடிஞ்சு வர்றப்ப புது வளையம் ஒரு செட் வாங்கிட்டு வர்றேன். திருப்பிக் குடுக்கணுமேன்னு, நீங்க ஆசையா மாத்தின நீளக் குழலைக் கழட்டிடாதீங்க, அது என்ன பாவம் பண்ணுச்சு?

பேட்டரி வச்சதா, வெறும் விசையில ஓடுறதான்னு ஆறு மாசம் யோசிச்சு வாங்கினீங்க. என்னைக் கட்டிக்க ஒரே வாரத்துல முடிவு பண்ணின ஆளு!

பி.கு: "நான் தேடி எடுக்கிறது எதுவுமே உருப்படாது"ன்னு நேத்து என்னைப் பாத்துக்கிட்டே சொன்னீங்க. துப்பாக்கி நல்ல துப்பாக்கிதாங்க. எண்ணெய் விஷயத்தை விட்டுட்டுப் பாத்தா, நானும்தான்.