வேண்டுதல் நிறைவேறியதற்கு நன்றி

சிம்பரோங்கோ,
செப்டம்பர் 20

அன்பு மகன் எலியாசருக்கு அம்மா ஆசிகளுடன் எழுதுவது.

மெந்தோசாவில் குளிர் விட்டிருக்கும். இங்கே அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறையவில்லை. அதோடு நீ வருகிறாய் என்று உன் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறார். போனில் பேசினால் அவர் காதில் விழும் என்றுதான் இதை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். டிக்கெட் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

ஐந்து வருடம் ஓடிவிட்டால் வழக்கே போட முடியாது என்று நம்பித்தானே உன்னை மலைக்கு அந்தப் பக்கம் வேறு நாட்டுக்கு அனுப்பினேன்? எதற்கும் உறுதி செய்துகொள்ளலாம் என்று நேற்று ஒரு வக்கீலிடம் போய், யாரோ ஒருவனுக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். "நாட்டை விட்டுப் போயிருந்தா ரெண்டு நாளை ஒரு நாளாத்தான் கணக்கு வைப்பாங்க. வீட்டிலேயே கிடந்திருந்தா இந்த வாரத்தோட தப்பிச்சிருப்பான்" என்றார் சிரித்துக்கொண்டே. பாதிதான் கழிந்திருக்கிறது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனமும் செய்திருக்கிறேன். நீ வண்டியால் இடித்துவிட்டு நிற்காமல் வந்தாயே, அந்த லிசாந்த்ரோ விழுந்து செத்த இடத்தில் அவன் மனைவி ஓர்த்தென்சியா சிறுகோயில் கட்டியிருக்கிறாள். கேட்டதைக் கொடுக்கிறான் என்று ஊரே அவனிடம் வேண்டிக்கொள்கிறது. நான் மட்டும் வேறு யாரிடம் போவேன்? வாரம் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றினேன். போன திங்கட்கிழமை ஐந்து வருடம் முடிந்ததும், எல்லோரையும் போல ஒரு நன்றிக் கல் பதித்தேன். 'என் மகனைக் காத்தாய்' என்று எழுதச் சொன்னேன். பெயர் போடவில்லை. எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்று தேதி போட்டுவிட்டேன்.

இன்று காலை ஓர்த்தென்சியா வீட்டுக்கு வந்தாள். கல் வெட்டியவனிடம் விசாரித்தாளாம். டீ கொடுத்தேன், தொடவில்லை. "என் புருஷன் செத்த நாள்லேருந்து உங்க பையனை எதுலேருந்து காப்பாத்துறாரு, எர்மெலிந்தாக்கா?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. காய்ச்சல் என்றேன். ஞாயிறு பூசை முடிந்து மறுபடி வருவதாகவும், அதற்குள் நன்றாக யோசித்துப் பார்க்கும்படியும் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, எலியாசர். போலீஸ் வந்தால்கூட சமாளித்துவிடுவேன். அவள் முகத்தைப் பார்த்து இரண்டாம் முறை காய்ச்சல் என்று சொல்ல என்னால் ஆகாது. வராதே என்று எழுதிய கையே வந்துவிடு என்று எழுதத் துடிக்கிறது. என்ன செய்யச் சொல்கிறாய்?

ஞாயிறு மதியம், பூசை முடிந்த நேரத்தில் கூப்பிடு. அப்பாவை உன் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். போனை எடுக்கப்போவது நானில்லை. ஆண்டவர் அப்போது உன் நாக்குக்குத் துணை இருக்கட்டும்.

உன் அம்மா,
எர்மெலிந்தா