பெண் வீட்டாரின் ஸ்மாஷ்

ஜனவரி 8, புதன்

ஜெயித்தேன். 21–18, 21–19. எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆடும்போது இல்லை.

சடையாண்டி முதன்முதலில் எங்கள் தகரக் கொட்டகைக்கு ஷட்டில் ஆட வந்தபோது, கோர்ட்டின் நடுவில் கொடைரோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். காக் தன்னைத் தேடி வந்தால் அடிப்பார். வராவிட்டால் அடுத்ததற்குக் காத்திருப்பார். பேகம்பூரில் மோட்டார் பம்ப் கடை. உடம்பில் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இருவர் மட்டும் ஆட மற்றவர்களுக்கு மூச்சு போதாது. அதனால் எனக்கு அவர், அவருக்கு நான். அப்போது அவரை 21–5 என்று முடிப்பது எனக்குக் காலைக் காப்பி.

இப்போது அவர் கடையில் உட்கார்ந்து போனில் இந்தோனேசியாக்காரர்கள் ஆடுவதைப் பார்க்கிறார். இன்று ஒரு டிராப் போட்டார். அது நெட்டின் மேல் ஏறி, சற்று யோசித்து, என் பக்கம் இறங்கியது. நான் மரியாதையுடன் வேடிக்கை பார்த்தேன்.

கூட்டுறவுச் சங்கங்களைத் தணிக்கை செய்து பிழைப்பவன் நான். சரிவு எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 17, வெள்ளி

தோற்றேன்.

ஜனவரி 18, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. மூன்றாவது கேம், 21–19. கடைசிப் புள்ளியில் சடையாண்டி மட்டையை மேலே எறிந்து பிடித்தார். "யோவ் ஆபீசரு! ஒண்ணரை வருசமா ஒன்கிட்ட அடி வாங்கிட்டுத்தான்யா கடையத் தெறந்தேன். இன்னைக்கு நீ போய் ஆபீசத் தெற!"

கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கொட்டகைப் பொறுப்பாளர் பிரபு என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். துக்க வீட்டில் தொடுவது போல.

இதில் வருந்த என்ன இருக்கிறது? நண்பர் முன்னேறுகிறார். உலகம் முன்னேறுவதை நான் என்றுமே ஆதரித்தவன். ஆனால் உலகம் இத்தனை பக்கத்தில் இருந்ததில்லை.

ஜனவரி 29, புதன்

தொடர்ந்து தோற்கிறேன். மொட்டைமாடிச் சுவரில் அடித்துப் பழகினேன். கீழே இருந்து என் மனைவி கௌசல்யா: "ஏங்க, சுவத்துக்கிட்டயாவது ஜெயிச்சீங்களா?"

இல்லை.

ஆனால் ஒன்று. இப்போதெல்லாம் அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிடுகிறேன். ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி விழித்ததே இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

என் மகன் முகேஷ்குமாருக்கும் சடையாண்டியின் மகள் பவித்ராவுக்கும் இன்று நிச்சயம் முடிந்தது. பொங்கலுக்குக் கொட்டகையில் நடந்த போட்டியைப் பார்க்க கௌசல்யாவும் சடையாண்டியின் மனைவி நாகஜோதியும் வந்திருந்தார்கள். காக் கோட்டில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று நாங்கள் இருவரும் சண்டை போட்டு முடிப்பதற்குள் அவர்கள் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கும் பிடித்துப்போயிற்று.

எனக்குச் சீர், வரதட்சணை எதுவும் வேண்டாம் என்று மேடையிலேயே சொன்னேன். ஒருவரும் கை தட்டவில்லை. ஒலிபெருக்கி சரியில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

ஜெயித்தேன்! 21–12, 21–10. மொட்டைமாடிச் சுவர் வாழ்க.

பிப்ரவரி 21, வெள்ளி

மறுபடியும். 21–9. என் பேக்ஹேண்ட் முதிர்ந்துவிட்டது. கேழ்வரகுக் கூழ் காரணமாக இருக்கலாம். சிலருக்கு ஐம்பத்தைந்துக்கு மேல்தான் ஆட்டம் படிகிறது. சடையாண்டி "வாங்க, போங்க" என்று பேசத் தொடங்கியிருக்கிறார். தோல்வி மனிதனைப் பண்படுத்துகிறது.

மார்ச் 5, புதன்

ஜெயித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

ஜெயித்தேன். ஏன் இத்தனை சலிப்பாக இருக்கிறது?

மார்ச் 10, திங்கள்

நெட்டுக்குப் பக்கத்தில் காக் ஒன்றைத் தெரியாமல் தூக்கிக் கொடுத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். சடையாண்டி மட்டையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. காக் அவர் காலடியில் விழுந்தது.

"அருமையான ஷாட்டு, சம்மந்தி."

வீட்டுக்கு வந்து கௌசல்யாவிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

"இம்புட்டு நாளாத் தெரியலையா? நாகஜோதிதான் சொல்லி அனுப்புதாம். ஆடப் போங்க, வேர்த்து வடிய ஆடுங்க, ஜெயிச்சுட்டு மட்டும் வந்துறாதீங்கன்னு. நாலு பேரு முன்னாடி மாப்பிள்ளையோட அப்பாவத் தோக்கடிச்சா, நாளைக்கு நம்ம பொண்ணு அங்க போய்ப் பொழைக்க வேணாமான்னு."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நிச்சயம் முடிஞ்ச மறுநாளே."

"ஏன் சொல்லல?"

"கூழக் குடிச்சுட்டு அம்புட்டு சந்தோசமா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்?"

மார்ச் 12, புதன்

நேராகவே கேட்டுவிட்டேன்.

"பொண்ணக் குடுக்குறவன்யா..." என்று தொடங்கி, விழுங்கி, "பொண்ணக் குடுக்குறவன்ங்க நான்" என்றார் சடையாண்டி. "உங்கள அடிச்சுப்புட்டு வீட்டுக்குப் போனா, சோத்தப் போட்டுட்டு அவ மூஞ்சியத் திருப்பிக்கிறா."

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றேன்.

"எல்லா மாப்பிள்ள வீட்டுக்காரரும் அதத்தாங்க சொல்றாக."

ஒலிபெருக்கி சரியாகத்தான் இருந்திருக்கிறது.

மார்ச் 19, புதன்

இன்று நான் தோற்பது என்று தீர்மானித்துப் போனேன். சர்வீஸை நெட்டில் அடித்தேன். அவர் தன் சர்வீஸைக் கூரைத் தகரத்தில் அடித்தார். நான் வெளியே அடித்தேன், அவர் அதைவிட வெளியே அடித்தார். பிரபு ஓடி வந்து, "லைட்டு மங்கலா இருக்கா சார்?" என்று கேட்டார். 29–29. அடுத்த புள்ளியோடு ஆட்டம் முடியும். சர்வீஸ் அவருடையது. தன் காலுக்குக் கீழேயே அடித்து முடித்தார்.

எனக்கு வெற்றி. தோற்பதிலும் அவர் என்னைவிட முன்னேறிவிட்டார்.

மார்ச் 21, வெள்ளி

போகவில்லை. பிரபுவிடம் கால் வலி என்று சொல்லிவிட்டேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது. விடியும்வரை ஹாலில் நடந்துகொண்டிருந்தேன்.

மார்ச் 27, வியாழன்

போகவில்லை. கௌசல்யா: "நடக்குறதுன்னா தெருவுல போய் நடங்க. டைல்ஸு தேயுது."

ஏப்ரல் 2, புதன்

கோயம்புத்தூரில் இருந்து முகேஷ் போன் செய்தான். குரலே சரியில்லை.

"அப்பா, அவங்க வீட்ல என்ன கொறை கண்டீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"அப்புறம் ஏன் ஆடப் போகல? கல்யாணத்துல உங்களுக்கு இஷ்டம் இல்லையோன்னு அவங்க அப்பா கடையே தெறக்கலையாம். பவித்ரா அழுகுறாப்பா. என்கிட்டச் சரியாப் பேசவே மாட்டேங்குறா."

நான் என்ன செய்தேன்? ஒன்றுமே செய்யவில்லை. மாப்பிள்ளையின் அப்பன் ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருந்தால், அதுவே ஒரு மிரட்டல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருக்கலாம். இல்லை — எனக்கே தெரிந்திருக்க வேண்டும். என் மட்டைக்காக அந்தப் பெண் ஏன் அழ வேண்டும்?

ஏப்ரல் 4, வெள்ளி

வந்தார்கள். தட்டில் ஆப்பிள், ஆரஞ்சு, மல்லிகைப்பூ. சடையாண்டி வெள்ளை வேட்டியில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கோர்ட்டில் என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தியவர். நாகஜோதி உட்காரவே இல்லை.

"அண்ணே, எதுவா இருந்தாலும் வாய்விட்டுக் கேட்டுருங்க. கூட நாலு பவுனு போடணும்னாலும் போட்டுர்றோம். மனசுல வச்சுக்கிறாதீங்க."

வெட்கமாக இருந்தது. எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன். நாகஜோதி தலையாட்டினார். எனக்குக் கோபம் இல்லை என்றேன். அதற்கும் தலையாட்டினார். பேரம் இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்று காத்திருப்பவரின் தலையாட்டல். இந்த வீட்டில், இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்லும் எந்த "வேண்டாமும்" அவர் காதில் ஏறாது. "வேண்டும்" என்றால் மட்டும்தான் ஏறும்.

தொண்டையைச் செருமினேன். "ஆமா. ஒண்ணு கேக்கணும்."

சடையாண்டிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மாப்பிள்ள வீட்டுச் சார்பாக் கேக்குறேன். இவரு ஒழுங்கா ஆடணும். முடிஞ்சா ஜெயிக்கணும். வேணும்னே ஒரு பாயிண்டு விட்டாலும், எனக்குச் செய்ய வேண்டிய சீர்ல கொறை வச்சதா எடுத்துக்குவேன்."

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. கௌசல்யா வாயைப் பொத்திக்கொண்டிருந்திருப்பாள். நாகஜோதி மட்டும் சிரிக்கவில்லை. கணவரின் பக்கம் திரும்பி, "அண்ணன் வாய்விட்டுக் கேட்டுட்டாரு. செஞ்சுதான ஆகணும்" என்றார்.

ஆக, நானும் கேட்டு வாங்குகிறவன் ஆகிவிட்டேன்.

முகேஷுக்குப் போன் செய்து சொன்னேன். "சரிப்பா, இத நான் பவித்ராகிட்ட எப்பிடிச் சொல்றது?" என்றான்.

ஏப்ரல் 7, திங்கள்

தோற்றேன். 21–8, 21–6.

ஒவ்வொரு ஸ்மாஷுக்கும் "மன்னிச்சுக்கங்க சம்மந்தி". என் உடம்புக்கு நேராக வரும் அடியை ஓரமாகத் திருப்புகிறார். மின்கட்டணம் கட்டுகிறவர் போல ஜெயிக்கிறார்.

மே 14, புதன்

அதேதான். கேட்டதைக் குறைவில்லாமல் செய்கிறார்கள். இது ஆட்டம் இல்லை, சீர்தான். எனக்கு இனிமேல் என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்தாலும் கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

ஞாயிறன்று கல்யாணம் நன்றாக முடிந்தது. இன்று மதியம் பெண் வீட்டில் மறுவீட்டு விருந்து. தூக்கம் வராமல், சும்மாதான், கொட்டகைக்குப் போனேன். சடையாண்டி அங்கே மட்டையுடன் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அவ இல்லாம வீடு நல்லாவே இல்ல" என்றார்.

ஆடினோம். அவருக்கு மனசு ஆட்டத்தில் இல்லை. 17–12 என்று முந்திவிட்டேன். இந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்துவது முறையா என்று யோசித்தேன். முறைதான் என்று தோன்றியது. பின்கோட்டில் ஒன்று வைத்தேன்.

"அவுட்டு" என்றார்.

"உள்ள."

"நாலு வெரக்கட வெளியய்யா! கண்ணாடி போட்டுட்டு வரலையா நீ?"

கத்தினோம். பிரபு தலையிட்டு, அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னார். அதன் பிறகு சடையாண்டி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்துக்கொண்டே வந்தார். 20–19, அவர் பக்கம். நான் குட்டையாக ஒன்று தூக்கினேன். ஓங்கிய கை இந்த முறை நிற்கவில்லை. காக் என் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே.

"கேம்!" என்று கத்தினார். பிறகுதான் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"எந்திரிய்யா. அடுத்தது போடலாம்."

எழுந்தேன்.

மதிய விருந்தில் நாகஜோதி என் இலையில் வெஞ்சனம் வைக்கக் குனிந்து, அப்படியே நின்றார். "என்னண்ணே கன்னத்துல? இப்பிடிச் செவந்து வீங்கியிருக்கு?"

எதிரே கறிக்குழம்பு வாளியுடன் சடையாண்டி. கரண்டி அசையவில்லை.

"கொசு" என்றேன்.

சடையாண்டி வாளிக்குள் செத்த நேரம் துழாவி, நல்லி எலும்பாகப் பார்த்து எடுத்து என் இலையில் வைத்தார்.