இரண்டாவது கொக்கி

என் கப்பல்காரருக்கு,

நீங்கள் இரும்புத் தாது ஏற்ற டுலூத் துறைமுகத்துக்கு வரும்போது இது கிடைக்கும்.

நேற்று உங்கள் தம்பி டுவேனோடு ஏரிக்குப் போனேன். "அண்ணி, இன்னும் தேறாத இந்த வலது கையோட தூண்டில் வீசப் போறீங்களா? பேசாம காபி குடிங்க" என்றான்.

வீசினேன். ஒரு பெரிய மஸ்கி மீன் இரண்டு தடவை வந்து, தூண்டிலில் மாட்டிய சுழல் தகட்டுப் பொய் இரையின் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போனது. டுவேன் சிரித்தான். நான் கொக்கியின் வளைவில் இன்னொரு கொக்கியைக் கோத்து, நழுவாமலிருக்க மெல்லிய ரப்பர் குழாய்த் துண்டைச் செருகினேன். மருத்துவமனையிலிருந்து என்னோடு வந்த குழாய்தான். அதைப் பற்றி வேறொன்றும் எழுதப்போவதில்லை.

அடுத்த வீச்சில் பின்கொக்கி அதன் தாடையில் ஏறியது. தோள் எரிந்தது.

"கொடுங்க அண்ணி, நான் இழுக்கறேன்."

"நீ வலையை எடு."

அவ்வளவு நீள மீன் வலைக்குள் வளைந்துதான் அடங்கியது. கொக்கியைக் கழற்றி, மீனைத் தண்ணீரிலேயே விட்டேன். டுவேன் வலையை உதறி மடித்தான். பிறகு, "நான் சொன்னா அண்ணன் நம்பமாட்டாரு. நீங்களே எழுதுங்க" என்றான்.

எழுதிவிட்டேன், வலது கையால். எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் என் எழுத்து.

இப்படிக்கு,
உங்கள் மீன்காரி